தைலமரம், சவுக்கு ரகத் தேர்வில் மரத்தரம் அளக்க எந்த வழி? ஆய்வகம், என்.ஐ.ஆர்., பைலோடின்: ஓர் ஒப்பீடு

காகிதக்கூழுக்காகத் தைலமரமோ சவுக்கோ ரகம் தேர்ந்தெடுக்கும் வேலையில் வளர்ச்சியை அளப்பது சுலபம். டேப்பும் உயரமானியும் இருந்தால் இரண்டு பேர் ஒரு நாளில் சில நூறு மரங்களை முடித்துவிடலாம். ஆலையின் கணக்கு வேறு. கூழ் விளைச்சல் 48 சதவீதம் என்றால் ஒரு டன் கூழுக்கு ஏறக்குறைய 2.08 டன் உலர்ந்த மரம் வேண்டும். 50 சதவீதம் என்றால் 2 டன் போதும். அந்த 80 கிலோ வெட்டுகூலியிலும் லாரி வாடகையிலும் ரசாயனச் செலவிலும் வந்து நிற்கும். இதை முடிவு செய்கிற லிக்னின் (நார்களை ஒட்டிப் பிடித்திருக்கும் பொருள்), செல்லுலோஸ், சாறுப்பொருள்கள், அடர்த்தி எதுவும் நிற்கிற மரத்தைப் பார்த்தால் தெரியாது.

இவற்றை அளக்க ஐந்து வழிகள் உண்டு: ஆய்வக வேதிப் பகுப்பாய்வு, அரைத்த மரத்தூளில் மேசை என்.ஐ.ஆர். (அண்மை அகச்சிவப்பு ஒளி) கருவி, அரைக்காத மரத்துண்டில் அதே கருவி, தோட்டத்திலேயே என்.ஐ.ஆர். கைக்கருவி, அடர்த்திக்கு மட்டும் பைலோடின் போன்ற ஊசி வகைக் கருவிகள். எந்தக் கருவி வாங்குவது என்று தொடங்கினால் பெரும்பாலும் பணம்தான் வீணாகும். எத்தனை மரம், எந்தக் குணம், ஒப்பிட்டுப் பார்க்க எத்தனை நம்பகமான ஆய்வக எண்கள் கைவசம் இருக்கின்றன என்ற மூன்றுக்கும் விடை தெரிந்தால் கருவி தானே முடிவாகிவிடும்.

ஆய்வகம்: எல்லாவற்றுக்கும் அளவுகோல், ஆனால் மெதுவானது

லிக்னினுக்கு கிளாசன் முறை. முதலில் மரத்தூளைச் சாக்ஸ்லெட்டில் கரைப்பானோடு பல மணி நேரம் ஓடவிட்டு, பிசின், டானின் போன்ற சாறுப்பொருள்களை வெளியேற்ற வேண்டும். பிறகு 300 மி.கி. தூளில் 72 சதவீதக் கந்தக அமிலம் 3 மி.லி. விட்டு, 30 டிகிரியில் ஒரு மணி நேரம் கலக்கி, 84 மி.லி. தண்ணீர் சேர்த்து 4 சதவீதமாக நீர்க்கச் செய்து, 121 டிகிரியில் ஒரு மணி நேரம் ஆட்டோகிளேவில் வைத்து, வடிகட்டி, உலர்த்தி எடை பார்க்க வேண்டும். தைலமரம், சவுக்கு போன்ற அகன்ற இலை மரவகைகளில் லிக்னினின் ஒரு பகுதி அமிலத்திலேயே கரைந்துவிடும். அதை வடிநீரில் புற ஊதா ஒளி கொண்டு 205 நானோமீட்டரில் தனியாக அளந்து கூட்ட வேண்டும். இந்தப் படியை விட்டுவிட்டு 'மொத்த லிக்னின்' என்று எழுதிய அறிக்கைகள் ஏராளம். அவற்றைப் பிற ஆய்வகங்களின் எண்ணோடு ஒப்பிட முடியாது.

தைலமரத்தில் இன்னொரு சிக்கல். அதன் பாலிபினால்கள் சாதாரண ஆல்கஹால் கரைப்பானில் முழுதாக வெளியேறுவதில்லை. அமிலத்தில் அவை கெட்டியாகி வடிதாளில் தங்கி, லிக்னின் என்றே எடை நிற்கும். சிவந்த வைரம் பாய்ந்த மரங்களில் லிக்னின் சந்தேகப்படும்படி கூடிவந்தால், மெல்லிய காரக் கரைசலில் ஒருமுறை கழுவிவிட்டு மறுபடி அளந்து பார்க்கலாம்.

ஒரு தொகுதி என்பது பத்துப் பன்னிரண்டு மாதிரி. சாறு நீக்கல், உலர்த்தல், அமிலப் படி, எடை எல்லாம் சேர்ந்து மூன்று நான்கு நாள் பிடிக்கும். இரட்டைப் பிரதி எடுப்பது கட்டாயம் என்பதால் உண்மையில் முடிவது ஐந்தாறு மரம்தான். கூழ் விளைச்சலை நேரடியாக அளக்க வேண்டுமானால் இன்னும் கடினம். மரத்தை வெட்டி, சில்லாக்கி, சிறிய டைஜெஸ்டரில் 165 டிகிரி அளவில் வேகவைத்து, எல்லா மாதிரியையும் ஒரே கப்பா எண்ணுக்கு (கூழில் மிஞ்சிய லிக்னினின் அளவு) கொண்டுவந்து ஒப்பிட வேண்டும். வெட்டிய மரம் நல்ல மரமாக இருந்தால் மறுதாம்பிலிருந்துதான் அதை மீட்க வேண்டும். தைலமரம் துளிர்த்துவிடும். சவுக்கை அப்படி நம்ப முடியாது.

இத்தனை சொன்ன பிறகும், ஆய்வகத்தை ஒதுக்கிவிட்டு எந்த வழியும் இல்லை. என்.ஐ.ஆர். கருவி லிக்னினை அளப்பதில்லை. ஆய்வகம் அளந்த லிக்னினைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கணிக்கிறது, அவ்வளவே.

அரைத்த தூளில் மேசை என்.ஐ.ஆர்.

780 முதல் 2500 நானோமீட்டர் வரையான கண்ணுக்குத் தெரியாத ஒளியை மரத்தூள்மேல் பாய்ச்சினால், கார்பன்-ஹைட்ரஜன், ஆக்சிஜன்-ஹைட்ரஜன் பிணைப்புகள் தத்தம் அலைநீளங்களில் அதை உறிஞ்சும். தண்ணீர் 1450, 1940 அருகே. லிக்னினின் வளையங்கள் 1670-1685 அருகே. செல்லுலோஸின் முக்கியத் தடயங்கள் 2100 முதல் 2350 வரை. எல்லாம் ஒன்றின்மேல் ஒன்று படிந்து கிடப்பதால் எந்த ஒரு முகட்டையும் தனியே படிக்க முடியாது. அலைவரிசை முழுவதையும், அதாவது ஒவ்வொரு அலைநீளத்திலும் எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்ற பதிவை, ஆய்வக எண்களோடு பி.எல்.எஸ். என்ற புள்ளியியல் முறையில் பொருத்திச் சமன்பாடு ஒன்றை எடுக்கிறார்கள். அமெரிக்க வேளாண் துறையில் கார்ல் நோரிஸ் 1960களில் தானியத்துக்குத் தொடங்கி வைத்த வழி இது. மரத்திலிருந்து கூழ் விளைச்சலையும் செல்லுலோஸையும் இப்படிக் கணிக்கலாம் என்ற ஆய்வு 1990 இல் வெளிவந்தது. அதன்பின் ஆஸ்திரேலியாவின் தைலமர இனப்பெருக்கத் திட்டங்கள் இதை வழக்கமான வேலையாகவே ஆக்கிக்கொண்டன.

ஸ்கேன் ஒரு நிமிடம். நேரம் பிடிப்பது அதற்கு முந்தைய வேலை, பிழையும் பெரும்பாலும் அங்கேதான் நுழைகிறது. ஆகவே அதைக் கொஞ்சம் விரிவாகப் பார்க்கலாம்.

மார்பளவு உயரத்தில், அதாவது 1.3 மீட்டரில், பட்டையிலிருந்து எதிர்ப்பட்டை வரை ஒரு உருளைத் துண்டு எடுக்க வேண்டும். கையால் திருகும் 5 மி.மீ. போரர் காட்டுத்துறையில் எல்லோரிடமும் இருக்கும். ஆனால் 12 செ.மீ. விட்டமுள்ள மரத்தில் அது தருவது 1.3 கிராம் தூள்தான். ஸ்கேனுக்கு அது எட்டும், ஆய்வகத்துக்கு எட்டாது. 12 மி.மீ. துண்டு என்றால் 7 கிராமுக்கு மேல் கிடைக்கும்; சாறுப்பொருள், லிக்னின் இரட்டைப் பிரதி, செல்லுலோஸ் எல்லாவற்றுக்கும் போதும். இந்த அளவுக்கு மோட்டார் துளைப்பான் வேண்டும். சவுக்கில் கையால் முயன்றால் போரர் நடுவிலேயே இறுகிக்கொள்ளும். துளைப்பானை மழுங்கவிட்டால் துண்டு கருகிப்போகும், கருகிய தூளின் அலைவரிசை வேறு.

சாய்ந்த மரத்தைத் தவிர்க்க வேண்டும். அகன்ற இலை மரங்கள் சாயும்போது மேல்பக்கத்தில் இழுவிசை மரம் உருவாகும். அதில் செல்லுலோஸ் கூடுதல், லிக்னின் குறைவு. 2018 கஜா போன்ற ஒரு புயலில் சாய்ந்து மீண்டும் நிமிர்ந்த கடலோரச் சவுக்கில், துண்டு எடுத்த பக்கத்தைப் பொறுத்தே மரம் நல்லதாகவோ மோசமாகவோ தெரியும். தவிர்க்க முடியாவிட்டால் சாய்வுக்குக் குறுக்காகத் துளைக்கவும்.

இன்னொன்றும் பலர் கவனிப்பதில்லை. முழுத் துண்டையும் அரைத்தால் நெஞ்சுப்பக்கத்துப் பாதி ஆரத்துக்கும் வெளிப்பாதிக்கும் சம எடை. மரத்தின் குறுக்குவெட்டிலோ உள்பாதி ஆரத்தின் பரப்பு 25 சதவீதம், வெளிப்பாதி 75 சதவீதம். மரங்களைத் தமக்குள் வரிசைப்படுத்த இது அதிகம் கெடுக்காது. 'ஆலைக்கு இத்தனை சதவீதம் கிடைக்கும்' என்று உறுதி சொல்வதற்கு இந்த எண் உதவாது.

துண்டின் பட்டையை நீக்கி 60 டிகிரிக்கு மேல் போகாமல் உலர்த்தவும். 103 டிகிரி அடர்த்திக்கான வெப்பம். அந்தச் சூட்டில் சாறுப்பொருள்கள் மாறிப்போகும். வைலி மில்லில் 1 மி.மீ. சல்லடை போட்டு அரைக்கவும். ஒவ்வொரு மாதிரிக்குப் பின்னும் தூரிகையும் காற்றும் கொண்டு மில்லைச் சுத்தம் செய்ய வேண்டும், இல்லாவிட்டால் முந்தைய மரம் அடுத்த மரத்தோடு கலந்துவிடும். மில் சூடேறினால் நிறுத்திவிட்டு ஆறவிடவும். ஒருவர் இப்படி ஒரு நாளைக்கு முப்பது நாற்பது மாதிரி முடிக்கலாம். ஆய்வக முறைகளில் வழக்கமான 40-60 மெஷ் சலிப்பை என்.ஐ.ஆருக்கு அப்படியே பின்பற்றி நுண்தூளைக் கொட்டிவிடக் கூடாது. நுண்தூளின் கலவை வேறாக இருக்கும், போவது மரத்தின் ஒரு பங்கு. ஒரே சல்லடை, ஒரே மில், ஒரே நேரம் என்று இருந்தால் துகள் அளவின் தொந்தரவு அடங்கிவிடும்.

ஈரம் அடுத்த எதிரி. தமிழ்நாட்டுக் கடலோரத்தில் மழைக்காலத்துத் தூளும் கோடைத்தூளும் ஒன்றல்ல. ஒன்று, இரவு முழுக்க 60 டிகிரியில் வைத்து டெசிகேட்டரில் ஆறவிட்டு உடனே ஸ்கேன் செய்யலாம்; அல்லது குளிரூட்டிய அறையில் இரண்டு நாள் பரப்பி வைத்துச் சமநிலைக்கு வரவிடலாம். எது என்பது முக்கியமில்லை, கலக்காமல் இருப்பது முக்கியம். கிண்ணத்தில் தூள் 1 செ.மீ. கனமாவது இருக்க வேண்டும். மெலிதாக இருந்தால் ஒளி அடிப்பக்கத்தையும் படித்துக்கொண்டு வரும். சுழலும் கிண்ணம், ஒரு மாதிரிக்கு 32 அல்லது 64 ஸ்கேன்களின் சராசரி, கொட்டிவிட்டு மறுபடி நிரப்பி இன்னொரு முறை, மணிக்கொரு முறை கருவியைச் சரிபார்க்க வெள்ளை ஒப்புத்தட்டு. இவ்வளவும் செய்தால் கருவி தன் பங்கைச் சரியாகச் செய்யும்.

எந்த மாதிரிகளை ஆய்வகத்துக்கு அனுப்புவது

வழக்கமாக நடப்பது: கைக்கு வந்த 100 மரத்தை ஆய்வகத்தில் அளந்து, சமன்பாடு கட்டி, பிறகு மீதி 900 மரத்தை ஸ்கேன் செய்வது. இதைத் தலைகீழாகச் செய்ய வேண்டும். 1000 மரத்தையும் முதலில் ஸ்கேன் செய்துவிடுங்கள். அலைவரிசைகள் எங்கெங்கே பரவிக் கிடக்கின்றன என்று பார்த்து, ஓரங்களும் நடுவும் உட்பட சீராகப் பரந்த 100 மரங்களைக் கென்னார்ட்-ஸ்டோன் போன்ற முறையில் தேர்ந்தெடுத்து ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். அதே செலவில் பலமடங்கு உறுதியான சமன்பாடு கிடைக்கும். மேலான குளோன்களை (ஒரே தாய்மரத்தின் நகல்கள்) மட்டும் வைத்துக் கட்டிய சமன்பாடு சாதாரண மரத்தின் முன் தடுமாறும்.

தைலமரத்தையும் சவுக்கையும் ஒரே கூடையில் போடுவது இன்னொரு பொறி. இரண்டு கூட்டத்துக்கும் சராசரி வேறாக இருப்பதால் ஆர்-ஸ்கொயர் (கணிப்பு ஆய்வக எண்ணோடு எவ்வளவு ஒத்துப்போகிறது என்ற அளவு, முழுதாக ஒத்தால் 1) 0.95 என்று அழகாக வரும். சவுக்கை மட்டும் தனியே எடுத்துப் பார்த்தால் 0.3 கூடத் தேறாமல் போகலாம். சமன்பாடு அப்போது கண்டுபிடித்தது எது சவுக்கு என்பதை. அது கண்ணுக்கே தெரியும். இடம், வயது கலந்தாலும் இதே நிலைமை. ஒவ்வொரு மாதிரியாக விட்டுப் பார்க்கும் குறுக்குச் சரிபார்ப்பு இதை மறைத்துவிடும். ஒரு தோட்டத்தை முழுதாக விட்டுவிட்டு, அல்லது ஒரு குடும்பத்தை, அதாவது ஒரு தாய்மரத்தின் கன்றுகளை, முழுதாக விட்டுவிட்டுச் சரிபார்த்தால்தான் உண்மை தெரியும். 100 மாதிரிக்குப் பத்துக்கு மேல் பி.எல்.எஸ். காரணிகள் கேட்கும் சமன்பாட்டை நம்ப வேண்டாம். அது இரைச்சலை மனப்பாடம் செய்திருக்கிறது.

ஆய்வகத்தின் சொந்தப் பிழையும் கூரை போட்டுவிடும். குளோன்களுக்கிடையே லிக்னினின் திட்ட விலக்கம் 1 சதவீதப் புள்ளி, ஆய்வகப் பிழை 0.5 என்றால், உலகின் மிக நல்ல கருவியாலும் ஆர்-ஸ்கொயர் 0.75ஐத் தாண்ட முடியாது. கருவியைக் குறை சொல்லுமுன் இரட்டைப் பிரதிகளின் வித்தியாசத்தைப் பாருங்கள்.

எத்தனை மரத்துக்கு மேல் என்.ஐ.ஆர். லாபம்?

முடிவு இந்தக் கணக்கில்தான் இருக்கிறது. செல்லுலோஸின் பாரம்பரியத்தன்மை, அதாவது மரத்துக்கு மரம் உள்ள வேறுபாட்டில் மரபால் வரும் பங்கு, 0.5 என்று வைத்துக்கொள்வோம். வேண்டியது 6 மரம்.

ஆய்வகம் மட்டும்: 100 மரம் அளந்து 6ஐத் தேர்ந்தெடுத்தால் தேர்வுச் செறிவு, அதாவது தேர்ந்த மரங்கள் சராசரியைவிட எத்தனை திட்ட விலக்கம் மேலே நிற்கின்றன என்பது, 1.98. தேர்வின் துல்லியம் 0.5இன் வர்க்கமூலம், அதாவது 0.71. பெருக்கினால் 1.40.

என்.ஐ.ஆர்.: அதே 100 மரத்தின் ஆய்வக எண்களால் சமன்பாடு கட்டி, 1000 மரத்தைக் கணித்து 6ஐத் தேர்ந்தெடுத்தால் செறிவு 2.83. ஆர்-ஸ்கொயர் 0.7 என்றால், அதன் வர்க்கமூலத்தை 0.71ஆல் பெருக்கத் துல்லியம் 0.59. பெருக்கினால் 1.67. மரத்துக்கு மரம் கணிப்பு பிசகினாலும் தேர்வில் கிடைக்கும் முன்னேற்றம் 19 சதவீதம் கூடுதல்.

இனி ஆர்-ஸ்கொயர் 0.4 என்று வையுங்கள். துல்லியம் 0.45, பெருக்கினால் 1.27. 1000 மரத்துக்குத் துளைத்து, அரைத்து, ஸ்கேன் செய்தும் ஆய்வகம் மட்டும் தந்த 1.40ஐ எட்டவில்லை. இரண்டும் சமமாகும் இடம் ஆர்-ஸ்கொயர் 0.49 அருகே. ஆர்.பி.டி. என்ற அளவில், அதாவது திட்ட விலக்கத்தைக் கணிப்புப் பிழையால் வகுத்தால், இது 1.4. தானிய வேதியியலில் ஆர்.பி.டி. 2.5க்குக் கீழே இருந்தால் முதற்கட்டச் சலிப்புக்குக்கூட ஏற்கமாட்டார்கள். மர இனப்பெருக்கத்தில் 1.5 இருந்தாலே போதும் என்கிறார்கள். அது சலுகை போலத் தோன்றும். மேலே உள்ள கணக்கைப் பார்த்தால் காரணம் விளங்கும். இங்கே தேவை சான்றிதழில் எழுதும் எண் அல்ல, மரங்களின் வரிசை.

குளோன் சோதனையில் நிலைமை இன்னும் சாதகம். ஒரு குளோனுக்கு 5 மரம் இருந்தால், கணிப்புப் பிழை 0.7 புள்ளி என்பது சராசரியில் 0.31 ஆகச் சுருங்கும். ஆனால் தற்செயல் பிழைதான் இப்படிச் சுருங்கும். ஒரு குளோனின் சாறுப்பொருள் வினோதமாக இருந்து கருவி அதன் எல்லா மரத்தையும் ஒரே பக்கமாகத் தவறாகப் படித்தால், 50 மரம் எடுத்தாலும் பிழை அப்படியே நிற்கும். அதனால் கடைசிப் பத்து இருபது குளோன்களை ஆய்வகம் கட்டாயம் பார்க்க வேண்டும்.

அரைக்காமல் துண்டின்மேலேயே படிப்பது

அரைப்பதை மிச்சப்படுத்தலாம் என்ற ஆசை நியாயமானதே. துண்டை நீளவாக்கில் அறுத்து, ஆரப்பக்கத்தைத் தேய்த்துச் சமப்படுத்தி, ஒளியிழை முனையால் சில மில்லிமீட்டருக்கு ஒன்றாக நெஞ்சிலிருந்து பட்டை வரை படிக்கலாம். வயதுக்கேற்ப மரம் எப்படி மாறுகிறது என்பதும் தெரியும், அது தூளில் கிடைக்காது. வேதிக் குணங்களுக்குக் கணிப்பு பெரும்பாலும் தூளைவிடச் சற்று மோசமாகும், ஏனென்றால் வாளின் சூடு, மேற்பரப்பின் சொரசொரப்பு, நாரின் திசை மூன்றும் அலைவரிசையில் ஏறும்.

ஆனால் அடர்த்தி வேண்டுமென்றால் துண்டே சரி. அரைத்த தூளில் செல்லறை அமைப்பே மிச்சமில்லை. அதிலிருந்து அடர்த்தி கணிக்கிறோம் என்று யாராவது சொன்னால், அடர்த்தியோடு தற்செயலாக ஒத்துப்போகும் வேதிக்கலவையைப் படிக்கிறார்கள் என்று பொருள். அடுத்த தோட்டத்தில் அந்த ஒத்துப்போதல் இருக்கும் என்பதற்கு உத்தரவாதமில்லை.

தோட்டத்தில் கைக்கருவி

விற்பனைப் பேச்சில் மிகக் கவர்ச்சியானது இது: பட்டையைச் சீவி, கருவியை வைத்து, பொத்தானை அழுத்தினால் லிக்னின் திரையில் வந்துவிடும். நிற்கும் பச்சைமரத்தில் இதை நம்பித் தேர்வு செய்ய நாங்கள் பரிந்துரைக்கமாட்டோம்.

முதல் காரணம் தண்ணீர். பச்சைத் தைலமரத்தில் உலர் எடைக்குச் சமமான தண்ணீர்கூட இருக்கும். 1450, 1940 பகுதிகளில் அது மற்ற எல்லாத் தடயங்களையும் மூழ்கடித்துவிடும். காலையும் மதியமும், தையும் ஆனியும் வேறு வேறு. ஈரத்தின் பாதிப்பைக் கணக்கில் கழிக்கப் புள்ளியியல் வழிகள் உண்டு. அவற்றுக்கு ஒரே மரத்தைப் பல ஈரநிலைகளில் படித்த தரவு வேண்டும், அதை யாரும் சேகரிப்பதில்லை. இரண்டாவது, ஒளி சில மில்லிமீட்டருக்கு மேல் உள்ளே போகாது. கருவி பார்ப்பது புதிதாக வளர்ந்த வெளிறை மட்டும். வைரத்தைப் பற்றி அதற்கு எதுவும் தெரியாது. மூன்றாவது, அலைவரிசையின் எல்லை. உள்ளங்கைக் கருவிகள் பலவும் ஏறக்குறைய 950 முதல் 1650 நானோமீட்டரோடு நின்றுவிடும். லிக்னினின் 1670-1685 பகுதி அதற்கு வெளியே. செல்லுலோஸின் 2100-2350 பகுதி கண்ணுக்கெட்டாத தூரம். வாங்கியே ஆகவேண்டுமென்றால் 2400 வரையாவது போகும் கருவியைப் பாருங்கள். நான்காவது, வெயிலில் கருவி சூடேறினால் அளவு நகரும். தோட்டத்தில் பத்துப் பதினைந்து மரத்துக்கு ஒருமுறை ஒப்புத்தட்டு பார்ப்பவர்கள் அரிது.

கைக்கருவிக்கு வேலையே இல்லை என்பதல்ல. வெட்டிய மரத்தின் வட்டுகளை ஒரு வாரம் நிழலில் உலர்த்தி, மணல்தாளால் தேய்த்துப் படித்தால் கூழ்மரக் குவியலில் மோசமான கடைசி ஐந்தில் ஒரு பங்கைக் கழிக்கும் அளவுக்குப் பயன்படும். மேசைக்கருவியில் கட்டிய சமன்பாட்டை இதில் நேராகப் போட முடியாது. இரண்டு கருவியிலும் ஒரே இருபது முப்பது மாதிரிகளைப் படித்து மாற்றிக்கொள்ள வேண்டும். அதற்கும் இரண்டு கருவியும் ஒரே அலைநீளங்களை ஓரளவாவது பார்த்திருக்க வேண்டும்.

அடர்த்திக்கு ஊசி

அடர்த்தி மட்டும் போதும் என்றால் என்.ஐ.ஆர். பேச்சே வேண்டாம். பைலோடின் 6 ஜூல் ஸ்பிரிங் விசையில் 2.5 மி.மீ. ஊசியை மரத்துக்குள் அடித்து, எத்தனை மி.மீ. இறங்கியது என்று காட்டும். அதிகம் இறங்கினால் அடர்த்தி குறைவு. சின்னச் சதுரமாகப் பட்டையை நீக்கி, எதிரெதிர்ப் பக்கத்தில் இரண்டு அடி. மின்சாரமோ ஆய்வகமோ வேண்டாம். வெளி மரத்தை மட்டும் பார்க்கிறது என்ற குறை உண்டு. முப்பது மரத்திலாவது 12 மி.மீ. துண்டு எடுத்துத் தண்ணீர் இடப்பெயர்ச்சி முறையில் பச்சைக் கன அளவும், 103 டிகிரியில் உலர் எடையும் பார்த்து அதை உங்கள் இனத்துக்குப் பொருத்திக்கொள்ள வேண்டும்.

ரெசிஸ்டோகிராஃப் வகைத் துளைக்கருவி நுனியில் 3 மி.மீ. உள்ள மெல்லிய ஊசியைப் பட்டையிலிருந்து எதிர்ப்பட்டை வரை செலுத்தி, வழி முழுக்க எதிர்ப்பைப் பதிவு செய்யும். மரம் ஒன்றுக்கு ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆழம் போகப் போக ஊசித்தண்டின் உராய்வு சேர்ந்து அடிக்கோடு ஏறிக்கொண்டே போகும். வெளியேறும் பக்கத்தில் ஊசி வெளிவந்ததும் காட்டும் அளவைப் பார்த்து அதைக் கழிக்க வேண்டும். மழுங்கிய ஊசியால் எடுத்த நாளின் தரவு மறுநாளோடு ஒட்டாது. இதில் காசு போட முடிந்தவர்களுக்கு பைலோடினைவிட இதுவே மேல்.

ஒலி வேகம் பார்க்கும் கருவிகள் விறைப்புத்தன்மைக்கானவை. கூழுக்கு அவை தேவையில்லை. சாரம் கட்டவும் கம்பத்துக்கும் போகும் சவுக்குக்கு அவை அர்த்தமுள்ளவை. ஆஸ்திரேலியாவின் சி.எஸ்.ஐ.ஆர்.ஓ. உருவாக்கிய சில்விஸ்கேன் எக்ஸ்-கதிரால் அடர்த்தியையும் நார்க்கோணத்தையும் ஒருசேரத் தரும். ஆராய்ச்சிக்கு அருமை, அன்றாடத் தேர்வுக்குக் கைக்கெட்டாது.

யாருக்கு எது

கடைசிக் கட்டத்தில் 30, 40 குளோன்கள் மட்டும் கையில் இருந்தால் கருவி வாங்க வேண்டாம். ஒரு குளோனின் மூன்று நான்கு மரத்தூளைச் சம எடையில் கலந்து ஒரே மாதிரியாக்கி ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். முதல் பத்துக்கு வேகவைத்துப் பார்க்கும் சோதனை செய்யுங்கள்.

சந்ததிச் சோதனையில் 500 மரத்துக்கு மேல் இருந்து, வேதிக் குணம் வேண்டுமென்றால் தூளில் மேசை என்.ஐ.ஆர். தவிர வேறு வழி கட்டுப்படியாகாது. கருவியின் விலை பல பத்து லட்சம் என்பதால், ஆண்டுக்கு ஆயிரம் மாதிரிக்குக் குறைவாக வரும் இடம் சொந்தமாக வாங்கத் தேவையில்லை. வேறொரு பல்கலைக்கழகத்திலோ ஆராய்ச்சி நிறுவனத்திலோ இருக்கும் கருவியில் நேரம் வாங்கிக்கொள்ளலாம். தூளாக்குவதை மட்டும் உங்கள் கட்டுப்பாட்டிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

100 முதல் 500 வரை இருந்தால் இரண்டு கட்டமாகப் போகலாம்: முதலில் வளர்ச்சியும் பைலோடினும் பார்த்துப் பாதியைக் கழித்துவிட்டு, மீதிக்கு மட்டும் துண்டு எடுப்பது. ஒரு எச்சரிக்கை: அடர்த்தியால் முதலில் கழித்துவிட்டு மிச்சத்தில் கட்டிய சமன்பாட்டுக்கு, மாதிரியின் பரப்பு குறுகிவிட்டதால் ஆர்.பி.டி. குறைவாகவே வரும். கழித்த மரங்களிலும் இருபது முப்பதைச் சமன்பாட்டுக்காக வைத்திருங்கள்.

வெளியே ஸ்கேன் கொடுக்கும்போது, அறிக்கையில் வெறும் ஆர்-ஸ்கொயர் மட்டும் இருந்தால் திருப்பிக் கேளுங்கள். சமன்பாடு எந்த இனத்தில், எந்தத் தோட்டங்களில், எந்த வயதில் கட்டியது; முழுத் தோட்டத்தை விட்டுச் சரிபார்த்தபோது கணிப்புப் பிழை எத்தனை புள்ளி; ஆய்வகப் பிழை எத்தனை; லிக்னின் சதவீதம் சாறு நீக்கிய மரத்துக்கா, நீக்காத மரத்துக்கா; உங்கள் மாதிரிகளில் எத்தனை சமன்பாட்டின் எல்லைக்கு வெளியே விழுந்தன. கடைசிக் கேள்விக்கு மகாலனோபிஸ் தூரம் என்ற எண்ணைக் கருவியின் மென்பொருளே தரும். பத்தில் ஒன்றுக்கு மேல் வெளியே விழுந்தால் அந்தக் கணிப்புகளை எடுத்துக்கொள்ள வேண்டாம். வெளியே விழுந்த மரங்களையே முதலில் ஆய்வகத்துக்கு அனுப்பி, அந்த எண்களைச் சேர்த்துச் சமன்பாட்டை மறுபடி கட்டச் சொல்லுங்கள். விளக்கு மாற்றினாலோ கருவி பழுதுபார்க்கப் போய்வந்தாலோ, மூடி முத்திரையிட்டு வைத்த அதே பத்து மாதிரிகளை மறுபடி படித்து, பழைய எண்ணோடு ஒத்துவருகிறதா என்று பார்த்த பிறகே அடுத்த தொகுதியைக் கொடுக்க வேண்டும்.